ஆணியில்லாத பூட்ஸுடன் மலைக்குப் போனோம்

இந்தச் சுவிட்சர்லாந்து தேசத்தில் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால், வாரமெல்லாம் உழைத்த ஜனங்கள் களைத்துப்போவதற்கென்றே மலை ஏறுகிறார்கள். எனக்கு இது இன்னும் பழகவில்லை. ஆம்பூர்ப் பக்கத்து மலையில் நானும் என் தங்கையும் ஏறியது ஆவாரம்பட்டை உரிக்க. தோல் பதனிட அந்தப் பட்டை வேண்டும். அதைக் கொண்டுவந்து போட்டால்தான் அன்றைக்குச் சோறு. சும்மா மலைக்குப் போகிறவளைப் பித்துப் பிடித்தவள் என்பார்கள்.

என் கணவர் சாமுவேல் ஆம்பூர் டேனரியில் வேலை கற்றவர். நம் ஊரிலிருந்து கப்பலில் வரும் தோலைத் தரம் பிரிக்க இங்கே அழைத்து வந்தார்கள். வந்த நாள் முதலாய் ஊருக்குப் போகலாம் என்று நச்சரித்துக்கொண்டிருந்தேன். "ஒரு தரம் அந்த மலையப் பாரு மேரி, அப்பறம் சொல்லு" என்று, அரசாங்கம் காத்து வைத்திருக்கும் மலைக்காட்டுக்கு இந்தக் கோடையில் கூட்டிப்போனார். அங்கே பாதையை விட்டு விலகக்கூடாது, நெருப்பு மூட்டக்கூடாது, பூப் பறிக்கக்கூடாது. விழுந்த சுள்ளிகூட விழுந்த இடத்திலேயே மக்கவேண்டுமாம். வழியெல்லாம் விறகைப் பார்த்து என் கை பரபரத்தது.

ஆற்றுப் பாலத்தருகே காவலர் ஒருவர் எங்களை நிறுத்தினார். மேகத்தைக் காட்டினார். பிறகு சட்டென்று மண்டியிட்டு என் காலைத் தொட்டார்.

"ஐயோ, எழுந்திருங்க!" என்று பின்வாங்கினேன்.

அவர் என் பூட்ஸின் அடியைத் தடவி, "நேகல்? நேகல்?" என்று கேட்டார். வழுக்கும் பாதைக்கு அடியில் ஆணி அடித்த பூட்ஸ் வேண்டும் என்பது அவர் சொல்ல வந்தது. ஆணிக்கும் நகத்துக்கும் இவர்களுக்கு ஒரே சொல். சாமுவேலுக்கு நகம் மட்டுந்தான் தெரியும். பட்டைச் சாயம் ஏறிக் கறுத்த தன் விரல்களை விரித்துப் பார்த்தார், முகம் சுருங்கிவிட்டது.

"என் நகத்தப் பாத்து இன்னா கேள்வி கேக்குறான் பாரு. வா, போலாம்."

காவலர் பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் திரும்பவில்லை.

மேலே ஏறியதும் ஆலங்கட்டி கொட்டியது. பாறைச் சரிவில் என் கால் சோப்பை மிதித்ததுபோல் வழுக்கிற்று. பள்ளத்தின் விளிம்பில் ஒரு குத்துச்செடியை நான் பற்றிக்கொள்ள, சாமுவேல் குப்புறப் படுத்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "உட்றாத மேரி, உட்றாத" என்று அழுதார். இழுக்கவோ எழவோ அவரால் முடியவில்லை. "ஷ்டில்! ஷ்டில்!" என்று ஒரு குரல் கேட்டது. அசையாதே என்பது அந்தக் குரலிலேயே புரிந்தது. காவலர் எங்களைத் தேடி வந்திருந்தார். அவர் வீசிய கயிறுதான் என்னை மேலே கொண்டுவந்தது.

தம் குடிசைக்கு எங்களை அழைத்துப் போனவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. தம் பூட்ஸைத் திருப்பி, அடியிலிருந்த ஆணிகளைத் தட்டி, "நேகல்" என்றார். சாமுவேல் தன் விரல்களை மடக்கிக்கொண்டார். காவலரின் மனைவி என் பாதங்களை மடியில் வைத்து வெந்நீர்த் துணியால் தேய்த்தாள். ஊரில் தோல் நாற்றம் என்று மூக்கைப் பொத்தி, எங்கள் தெருவுக்குள் வராமல் சுற்றிப் போனவர்களை நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அவளோடு ஒரு நிமிஷம் மனம்விட்டுப் பேச என்னிடம் பாஷை இல்லை.

"போய்டலாம் மேரி. ஊருக்கே போய்டலாம்" என்றார் சாமுவேல்.

எத்தனை வருஷமாய்க் காத்திருந்த சொல்! சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன்; வரவில்லை. வேண்டாம் என்றும் வரவில்லை. அலுப்பு மட்டும் இருந்தது.

என் புடவையை முழுக்க விரித்துக் காயப்போட அந்தச் சின்ன அறையில் இடம் போதவில்லை. ஒரு முனை அடுப்போரம் ஆவி விட்டுக் காய்ந்தது. மறுமுனை ஜன்னல் குளிரில் சொட்டிக்கொண்டே இருந்தது. நடுவே, வேறொருத்தியின் கம்பளிப் பாவாடையில், நான் உட்கார்ந்திருந்தேன்.