ஆறு மணிக்கு வீட்டுக்கு வரும் மைதானம்

ஆறு மணி ஆனால் நான் வீட்டில் இருப்பதில்லை. லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு பக்கத்து ஏரியா கதிர்காமம் வரைக்கும் போவேன். அங்கே ஒரு டீ வாங்கி, பாதியில் வைத்துவிட்டுத் திரும்புவேன். வண்டியில் லோடு இருக்காது. காலையில் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஏற்றின மீனின் வாடை மட்டும் பின்னாடியே வரும். அப்பா செத்ததிலிருந்து இப்படித்தான்.

அப்பா வாலிபால் கோச். மில் டீமில் ஆடினவர். மில்லை மூடின பிறகு மாலத்தீவில் ஒரு சின்னத் தீவு கிளப்பில் வேலை கிடைத்துப் போனார். அப்போது நான் ஐந்தாவது. ஒன்பதாவதோடு படிப்பை விட்டபோதும் அவர் அங்கேதான் இருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். வந்தாலும் கால் வீட்டில் நிற்காது.

ஆனால் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோ கால் போடுவார். பேசுவதற்காக இல்லை. அது அவருக்குப் பிராக்டிஸ் தொடங்கும் நேரம். ஃபோனை நெட் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்த்து, பசங்கள் பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கரில் அதை இணைத்துவிட்டு விளையாட வைக்கப் போய்விடுவார். இங்கே சாரம் என்கிற எங்கள் ஏரியாவில், வீட்டுச் சமையல் அறையில், அம்மா தன் ஃபோனை உப்பு ஜாடியில் சாய்த்து வைப்பாள். அவர்கள் மைதானம் எங்கள் வீட்டுக்குள் ஓடும், எங்கள் வீட்டுச் சத்தம் அவர்கள் மைதானத்தில் கேட்கும். பிராக்டிஸ் முடிந்ததும் கட் ஆகிவிடும். "அதான் அவுரு வீட்ல இருக்குற நேரம்" என்பாள் அம்மா.

அவர் திட்டுவதெல்லாம் தமிழில்தான். "முட்டிய மடக்குடா! இன்னாடா, கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி நிக்குற?" தீவுப் பசங்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் உடனே முட்டியை மடக்குவார்கள். எனக்கு அந்தப் பசங்கள் மேல் பொறாமையாக இருக்கும். என்னை அவர் அவ்வளவு நேரம் திட்டினதே இல்லை.

ஒரு நாள் அம்மா குக்கர் வைத்திருந்தாள். விசில் அடித்ததும் அங்கே ஆட்டம் நின்றுவிட்டது. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா ஃபோனுக்கு ஓடி வந்தார்.

"அடியே, நீ இன்னா ரெஃப்ரியா? பாயிண்ட் யாருக்குன்னு சொல்லிட்டு எறக்கு!"

"சோத்துக்குத்தான் பாயிண்ட்டு" என்றாள் அம்மா.

அதிலிருந்து ஆறு மணிக்குள் குக்கர் வேலையை முடித்துவிடுவாள்.

போன ஆடியில், பிராக்டிஸ் முடிந்து பந்துகளைப் பையில் போடும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்குள் வீடியோ கால் கட் ஆகியிருந்தது. நாங்கள் இங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

காரியம் முடிந்த பிறகு அங்கே அவருக்கு உதவியாக இருந்த கேரளாக்காரர் பேசினார். "மோனே, அம்மாகிட்ட கேளு. ஆறு மணிக்குப் பழைய மாதிரி கால் போடட்டுமா? பசங்க கேக்குறாங்க."

வேண்டாம் என்று நான் வாயெடுப்பதற்குள் அம்மா பக்கத்திலிருந்து, "போடச் சொல்லுடா" என்றாள்.

"அவுரு இல்லாத கிரவுண்ட பாத்து இன்னாம்மா பண்ணப் போற?"

"இருந்தப்ப மட்டும் என்கூட பேசினாரா? கிரவுண்டத்தான பாத்தேன்."

அன்றிலிருந்து அவள் உட்காருவாள், நான் ஓடுவேன்.

போன வாரம் வண்டி கிளட்ச் போய் ஒர்க் ஷாப்பில் நின்றுவிட்டது. போக இடம் இல்லாமல் வாசலுக்கும் குழாயடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். அம்மாவுக்கும் அன்று வேலை தள்ளிப்போய், குக்கரை அப்போதுதான் ஏற்றியிருந்தாள். ஃபோன் அடித்தது.

"எட்றா, என் கை பூரா மீன் செதிலு."

எடுத்து ஜாடியில் சாய்த்தேன். பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்துவிட்டேன். அதே மைதானம், அதே பசங்கள். எல்லோரும் கம்பம் மாதிரி நின்றார்கள். பந்து பக்கத்தில் விழுந்தாலும் நகரவில்லை. கேரளாக்காரர் கத்திக் கத்திக் களைத்துப்போயிருந்தார்.

"முட்டிய மடக்குங்கடா!" என்றாள் அம்மா. ஒருத்தன் ஃபோனைப் பார்த்துச் சிரித்தான், அவ்வளவுதான்.

"ஒருத்தனும் கேக்க மாட்டேங்குறான். நீ சொல்லு."

"நான் எதுக்கும்மா?"

"உனக்கு அவுரு தொண்டைடா. ஃபோன்ல எத்தினி பேரு உன்ன அவுருன்னு நெனச்சி பேசியிருக்கான்."

அதுதான் எனக்குப் பயமே. அவர் போனதிலிருந்து நான் சத்தமாகப் பேசுவதில்லை. மீன் ஏலத்தில்கூடக் கையைக் காட்டித்தான் வேலையை ஓட்டுகிறேன். அம்மா செதில் கையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேறு வழியில்லாமல் கத்தினேன்.

"முட்டிய மடக்குடா! இன்னாடா, கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி நிக்குற?"

பின் வரிசையில் இருந்த நெட்டையன் முதலில் முட்டியை மடக்கினான். பிறகுதான் திரும்பிப் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள். பந்து துள்ளித் துள்ளி, உருண்டு, நெட்டுக்கு அடியில் போய் நின்றது. ஒருத்தனும் எடுக்கவில்லை. நெட்டையன் பனியனைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டான். வாசலில் வண்டி இருந்திருந்தால் ஓடியிருப்பேன்.

அப்போது குக்கர் விசில் அடித்தது.

பசங்கள் கேரளாக்காரரைப் பார்த்தார்கள். அவர் கையில் விசிலே இல்லை. நெட்டையன் முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்தை எடுத்தான். ஃபோன் பக்கம் வந்து, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று இரண்டு கையையும் மாற்றி மாற்றிக் காட்டினான்.

"இன்னாவாம்?" என்றாள் அம்மா.

"பாயிண்ட் யாருக்குன்னு கேக்குறான்."

"சொல்லேன், உனக்குத் தெரியாதா?"

"சோத்துக்குடா!" என்று கத்தினேன்.

அவன் சர்வ் போடப் போனான். அம்மா அடுப்பைக் குறைக்கவில்லை. அடுத்த விசிலுக்காக நான் அங்கேயே நின்றேன்.