இனிப்புத் தங்காத ஜாடி

வால்டர் அண்ணனுக்கு இனிமேல் சீனி கிடையாது என்று நான் சொன்னதில் என்ன தப்பு? ஒண்டிக்கட்டை மனுஷனுக்குத் தினமும் கால் கிலோ எதற்கு? கல்மண்டபத்தில் எங்கள் மளிகைக் கடைக்கு எதிர் வீடு அவருடையது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிறிஸ்துமஸுக்கு அவர் போடும் இஞ்சி பீருக்குத் தெருவே நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும்.

இஞ்சி, சர்க்கரை, ஈஸ்ட் மூன்றும் ஜாடியில் கிடந்து நுரைக்கும். போட்ட சர்க்கரையை எல்லாம் ஈஸ்ட் தின்றுவிடும். அதனால் அண்ணன் அதை லேசாகச் சுடவைத்து, ஈஸ்ட்டைக் கொன்ற பிறகுதான் மறுபடி இனிப்புச் சேர்ப்பார். ருசி பார்ப்பது அவர் மனைவி மகிமா. "இன்னும் ஒரு கை போடுய்யா, கஞ்சப்பிசினாறி" என்பாள்.

பாவி மகளுக்குச் சர்க்கரை வியாதி முற்றி ஒரு காலை எடுத்தார்கள். அதோடு அண்ணன் வீட்டிலிருந்த வெல்லம், பிஸ்கட் வரைக்கும் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார். நல்லதுக்குத்தான் செய்தார், யார் இல்லை என்றது? போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ஒரே ஒரு வாய் பீர் கேட்டு அவள் குழந்தை மாதிரி அழுதாள். எங்கள் கடை வரைக்கும் கேட்டது. அண்ணன் கொடுக்கவில்லை. விடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இந்த வருஷமும் ஜாடி வைத்தார். அப்புறம்தான் இந்தச் சீனிக் கூத்து. பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் போய் நின்றேன். சன்னலெல்லாம் சாத்திக் கிடந்தது. ஜாடிக்கு முன்னால் மகிமாவின் சக்கர நாற்காலி. கர்த்தரே!

"குடிச்சிப் பாரு கிருபை" என்று டம்ளரை நீட்டினார். காட்டம், புளிப்பு. இனிப்பு மருந்துக்குக்கூட இல்லை.

"ராவிக்கு அம்மாம் சக்கர போட்டேன். காலீல இன்னா கீது, ஒண்ணும் இல்ல. நெதம் வந்து குட்ச்சிட்டுப் போறா."

"ஏண்ணே, ஈஸ்ட் உசிரோட கெடக்கு, அது திங்குது. உங்களுக்குத் தெரியாததா? சுட வையுங்க."

"எல்லாம் தெரியும்மா." ஜாடியைத் தடவிக் கொடுத்தார். "சுட வெச்சா அவ எப்டிம்மா வருவா?"

என் வாய்க்கு இந்தத் தெருவே பயப்படும். அன்றைக்கு டம்ளரை அப்படியே கீழே வைத்தேன். ஜாடிக்குள் நுரை மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. அதன்பிறகு கேட்டபோதெல்லாம் வாயை மூடிக்கொண்டு சீனி நிறுத்துக் கொடுத்தேன்.

பண்டிகைக்கு அண்ணனின் மகள் மகிழினி கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். கிறிஸ்துமஸ் காலையில் நான் முறுக்குத் தட்டோடு போனபோது, அண்ணன் ஜாடியில் டம்ளரை முக்கி எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு வாய் குடித்தார். முகம் செத்துவிட்டது. இன்னொரு வாய் குடித்துப் பார்த்தார்.

"இனிக்குது கிருபை" என்றார். "ராத்திரி போட்டது அப்டியே கீது. அவ வரல. நேத்து அவ வரவே இல்ல."

அடுக்களையிலிருந்து மகிழினி கை துடைத்தபடி வந்தாள். "நான்தான் டாடி. நேத்து சாயங்காலம் நீ சர்ச்சுக்குப் போனப்போ சுட வெச்சேன். நீ மறந்துட்ட போல. அப்டியே பாட்டில்ல ஊத்துனா வெடிக்கும்ல?" பெருமை தாங்கவில்லை அவளுக்கு.

அண்ணன் அவளையே பார்த்தார். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"நான்தான் அவளுக்குக் குடுக்கல" என்றார். "நீயுமா பாப்பா?"

மகிழினி சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். அப்பா விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டாள் பிள்ளை.