சோகேஸ் கோப்பை

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்தவனிடம் எங்கள் பக்கத்து மனிதர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். "எப்ப வந்த?" அதற்குப் பதில் சொல்லி வாய் மூடுவதற்குள், "எப்ப போற?" கல்முனை பஸ் நிலையத்தில் கேட்பார்கள். பள்ளிவாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்பார்கள். மையவாடியில் மண் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டே கேட்டவர்களும் உண்டு. கெட்ட மனதோடு யாரும் கேட்பதில்லை. ஆனாலும் எட்டு வருடமாகக் கேட்டுக் கேட்டு, அந்த இரண்டாவது கேள்வி காதில் விழுந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 'இப்பதான்டா வந்திரிக்கன், பெட்டி கூடத் திறக்கல்ல' என்று கத்த வேண்டும் போலிருக்கும். கத்தியதில்லை. போகிற தேதியைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன்.

நான் றியாத்தில் ஒரு கட்டடக் கம்பெனியில் கியூ.எஸ். வேலை செய்கிறேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு கியூ.எஸ். இருப்பதால் இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. அடுத்தவன் கட்டும் கட்டடத்தை அளந்து, எவ்வளவு கல், எவ்வளவு கம்பி என்று சொல்கிற தொழில். தங்குவது கம்பெனி தந்த அறையில், ஐந்து பேரோடு. போன வருடம் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்துக்கொள்ளலாம் என்று கடிதம் தந்தார்கள். அன்றைக்கே வீடு தேடத் தொடங்கினேன்.

கிடைத்தது மேல்மாடியில் இரண்டு அறை. வெயில் உள்ளே வராமல் ஜன்னல்களுக்கு வெள்ளித்தாள் ஒட்டியிருந்தார்கள். ஒரு மூலையில் தாள் கிழிந்திருந்த இடத்தால் எட்டிப் பார்த்தால் மொட்டைமாடிகளும் தண்ணீர்த் தாங்கிகளும் மண் நிறத்தில் வானமும் தெரியும். ஒரு மரம் இல்லை. காகம் கூட இல்லை. இருந்தும் எனக்கு அந்த வீட்டின் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. ஏனென்றால் ஒப்பந்தத் தாளில் என் பெயர் எழுதப்பட இருந்தது.

இது புரிய வேண்டுமென்றால் எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இங்கே வீடு பெண்ணுக்கு. தகப்பன் மகளுக்கு வீடு கட்டுவான், மாப்பிள்ளை அங்கே போய்க் குடியிருப்பான், பெண்ணைப் பெற்றவர்கள் அந்த வீட்டிலேயே ஓர் அறையில் கடைசிக் காலத்தைக் கழிப்பார்கள். என் உம்மாவின் வீடு என் தங்கச்சிக்குப் போனது. நான் மணம் முடித்து என் மனைவியின் வீட்டுக்கு வந்தேன். எங்களுக்கு இரண்டு மகள்மார். அவர்களுக்கும் இரண்டு வீடு கட்ட வேண்டும், அதற்காகத்தான் வெளிநாடு. ஆக, பிறந்தது உம்மாவின் வீட்டில், குடும்பம் நடத்துவது பெண்டாட்டியின் வீட்டில், தூங்குவது கம்பெனியின் அறையில். நாற்பத்திரண்டு வயதில் எனக்கென்று ஒரு கதவு வேண்டும் என்று ஆசைப்பட்டது குற்றமா?

மாமாவை, அதாவது என் மனைவியின் வாப்பாவை, குறை சொல்ல மாட்டேன். கடலுக்குப் போய்ச் சம்பாதித்து, மகளுக்காக அந்த வீட்டை இரண்டு தரம் கட்டியவர். முதல் வீட்டைச் சுனாமி கொண்டு போனது. இரண்டாவதைப் பிரதான வீதிக்கு மேற்கே, கடல் கண்ணில் படாத இடத்தில் கட்டினார். பதினான்கு வருடத்தில் என்னோடு ஒரு சொல் உரத்துப் பேசியதில்லை. நானும் அவர் முன்னால் சட்டை இல்லாமல் உட்கார்ந்ததில்லை. அந்த வீட்டில் எல்லோரும் பீங்கான் மக்கில் தேத்தண்ணி குடிப்பார்கள். எனக்கு மட்டும் சோகேஸில் இருந்து பூப்போட்ட கோப்பையும் அதை வைக்கிற பீரிசும் எடுத்துக் கழுவி, அதில் வரும். புது மாப்பிள்ளையாக இருந்தபோது அது மரியாதை. பதினான்கு வருடம் கழித்தும் அதே கோப்பை வந்தால் மனுசனுக்கு எப்படி இருக்கும்? நாலு மிடறுகூட இருக்காது அதில்.

இந்த முறை ஒரு மாத லீவில் வந்தேன். லீவு முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும், அதுவரை வீட்டை யாருக்கும் கொடுக்காமல் பார்த்துக்கொள்வதாக அங்குள்ள கூட்டாளி சொல்லியிருந்தான். அந்த வீட்டை அங்குலம் அங்குலமாக அளந்து, அழகாகப் படம் வரைந்து கொண்டு வந்திருந்தேன். மகள்மார் இருவரும் படத்தின் மேல் விழுந்து படுத்து, எந்த அறை யாருக்கு என்று சண்டை பிடித்தார்கள். மனைவி நெடுநேரம் பார்த்தாள்.

"வாப்பா எங்க படுப்பாரு?" என்றாள்.

மாமி மௌத்தாகி அடக்கம் செய்த அடுத்த வருடம் மாமாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பொல்லை ஊன்றி நாலு அடி நடப்பார். குளிப்பாட்டுவது, கக்கூசுக்குக் கூட்டிப் போவது எல்லாம் என் மனைவிதான்.

"வாப்பாக்கு விசா இல்ல புள்ள. பொஞ்சாதி, புள்ளைகளுக்கு மட்டும்தான்" என்றேன்.

அவள் படத்தை நான் மடித்திருந்த மடிப்பிலேயே மடித்து என் கையில் தந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு கிழமை வீட்டில் நிம்மதி இல்லை. அவளுக்கு மூத்த காக்கா ஒருவர் அக்கரைப்பற்றில், தம்பி பொத்துவிலில். இரண்டு பேரும் அவரவர் மனைவிமாரின் வீட்டில் இருக்கிறார்கள், அங்கே மாமனார், மாமியார் இருக்கிறார்கள். "அவங்க பாக்கட்டுமே, அவங்களும் புள்ளைகள்தானே" என்று நான் சொல்ல, "மகன்ட ஊடு எண்டு ஒண்டு இரிக்கா எங்கட ஊருல?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். கேள்வி நியாயமானது. நியாயமாக இருந்ததால்தான் எனக்குக் கோபம் கூடியது.

"உனக்கு நான் புருசனா, இல்ல வருசத்துக்கு ஒருக்கா வந்து போற ஆளா?" என்று கேட்டேன்.

"நான் உங்கள வராதீங்க எண்டா சொன்னன்?" என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை.

எங்கள் அறைக்கும் மாமாவின் அறைக்கும் நடுவில் ஒரு கல் சுவர்தான். அதன் தடிப்பு எவ்வளவு, சத்தம் எவ்வளவு கடக்கும் என்று தொழில்காரன் எனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டுதான் கத்தினேன் என்று இப்போது நினைக்கிறேன்.

மறுநாள் அஸர் தொழுகை முடிந்து வந்தபோது மாமா கூப்பிட்டார். "மருமகன், நான் அக்கரைப்பற்றுக்குப் போய் மகனோட இரிக்கப் போறன். அவன் வரச்சொல்லிக் கரைச்சல் குடுக்கான்."

மச்சான் வரச்சொல்லவில்லை. காலையில் மாமாவே பேத்தியிடம் போனை வாங்கிப் பேசியதை நான் கண்டிருந்தேன். "நல்லது மாமா" என்றேன். சந்தோஷம் முகத்தில் தெரியாமல் இருக்க நான் பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். மனைவி தடுத்துப் பார்த்தாள். அவர் பிடித்த பிடியை விடவில்லை. என் லீவின் பதினேழாம் நாள் மச்சான் வேன் கொண்டு வந்து ஏற்றிப் போனார். நான் அன்றைக்கே கடவுச்சீட்டு விண்ணப்பப் படிவங்களை எடுத்து நிரப்பத் தொடங்கினேன். மனைவி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போட்டாள்.

நாலாம் நாள், மாமாவின் மருந்தில் ஒரு போத்தல் விடுபட்டுப் போனதாக அவள் சொன்னாள். போத்தலோடு நான் ஓட்டோ பிடித்து அக்கரைப்பற்றுக்குப் போனேன். மச்சான் கடைக்குப் போயிருந்தார்.

மாமா முன்விறாந்தையில், வாசலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். வெள்ளைச் சட்டையின் பொத்தான் கழுத்து வரை பூட்டியிருந்தது. தலையில் தொப்பி. சாரன் மடிப்புக் கலையவில்லை. காலடியில் அவருடைய பை, சிப் இழுத்து மூடியபடி. வீட்டில் பெனியனோடு கால் நீட்டிக் கிடக்கிற மனிதர். யாரோ வந்து, போவோமா என்று கேட்பதற்காகக் காத்திருப்பவர் போல இருந்தார்.

அந்த வீட்டில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. மச்சானின் மாமனார் முகம் மலர்ந்து வரவேற்றார். மச்சானின் மனைவி எங்கள் இருவருக்கும் தேத்தண்ணி கொண்டு வந்தாள். பூப்போட்ட கோப்பை, பீரிசு. சோகேஸின் கண்ணாடிக் கதவு பாதி திறந்து கிடப்பது எனக்குத் தெரிந்தது.

மாமா கோப்பையைத் தொடவில்லை. அவருடைய இடது கைக்கும் அந்தச் சின்னப் பிடிக்கும் சரிவராது. வீட்டில் அவருக்கென்று பெரிய மக் ஒன்று உண்டு, அதன் பிடிக்குள்ளே முழுக் கையையும் விட்டுத் தூக்கலாம்.

"ஏன் மாமா, குடிக்கல்லயா?" என்றேன். மற்றவர்கள் உள்ளே போயிருந்தார்கள்.

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "குடிச்சா எழும்பணுமே மருமகன். இன்னொருத்தர்ட ஊட்டுல எத்தின தரம் கூப்புடுற?"

நாலு நாளாக அந்த மனிதர் தண்ணீரைக் குறைத்துக் குறைத்துக் குடித்திருக்கிறார். உதடு வெடித்திருந்தது. அப்போதும் எனக்கு இரக்கம் வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன், எரிச்சல்தான் வந்தது. ஒரு மக்கில் போய் என் வீடு சிக்குவதா? விறுவிறென்று சந்தைப் பக்கம் நடந்து, இருப்பதிலேயே பெரிய மக்காகப் பார்த்து ஒன்றை வாங்கினேன். கக்கூசுக்குக் கூட்டிப் போக வர ஓர் ஆளையும் பேசி வைத்துவிட்டால் முடிந்தது என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன்.

"இந்தாங்க மாமா, இனி இதுல குடிங்க."

அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வடிவா இரிக்கி" என்றார். பிறகு மெல்லக் குனிந்து, இடது கையால் பையின் சிப்பைத் திறந்து, மக்கை உடுப்புகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்து மூடினார்.

உள்ளே கொடுத்துக் கழுவச் சொல்லவில்லை. அடுப்படியில் வைக்கச் சொல்லவில்லை. பைக்குள் வைத்தார். எட்டு வருடமாக ஒவ்வொரு லீவிலும் என் பெட்டி கட்டிலுக்கு அடியில் பாதி திறந்தபடிதான் கிடக்கும். சவரப் பெட்டியைக் கூட எடுத்து வெளியே வைக்க மாட்டேன், பாவித்துவிட்டுத் திரும்பப் பெட்டிக்குள்தான். இந்த மனிதரின் வீட்டில், இந்த மனிதர் இப்போது உட்கார்ந்திருப்பது போலத்தான் நான் இருந்திருக்கிறேன். என்னால் தாங்கிக்கொள்ள முடிந்ததற்குக் காரணம் வயது, காசு, போக ஓர் இடம். இவருக்கு இதில் எது இருக்கிறது?

"எழும்புங்க மாமா, போவம்."

"எங்க?"

"ஊட்ட."

"யாருட ஊட்ட?" என்றார். என் வாயால் கேட்க வேண்டும் என்று நினைத்தாரோ, உண்மையிலேயே விளங்கவில்லையோ தெரியாது.

"உங்கட ஊட்டதான்."

பையைத் தூக்கியபோது மச்சானின் மாமனார் ஓடி வந்து கையைப் பிடித்தார். "என்ன அவசரம்? இன்னும் ரெண்டு நாள் இரிந்துட்டுப் போகலாமே!" நல்ல மனிதர், மனதாரத்தான் சொன்னார். கடைசிவரை இருக்க வந்தவரிடம் இரண்டு நாள் என்றார்.

ஓட்டோவில் மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தரம். காரைதீவு தாண்டும்போது, "உங்கட காரியத்தக் கெடுத்துப் போட்டன், மருமகன்" என்றார். நான் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் அவரைக் கண்டதும் மனைவி கைத்தாங்கலாகக் கூட்டிப் போய்க் குளிப்பாட்டினாள். அவர் பெனியனோடு கட்டிலில் சாய்ந்து, பழைய மக்கில் மூன்று தரம் தேத்தண்ணி வாங்கிக் குடித்தார். குடிக்கும் சத்தம் முன்விறாந்தை வரை கேட்டது. நான் கூட்டாளிக்கு, வீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிச் செய்தி அனுப்பினேன். 'சரி' என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. அவனுக்கு என்ன தெரியும். படத்தின் பின்பக்கத்தில் சின்ன மகள் ஏற்கெனவே பூனை வரைந்திருந்தாள்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு அடுப்படிக்குப் போனேன். புது மக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. மனைவி சோகேஸ் கோப்பையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"எனக்கு அந்த மக்குல தா புள்ள" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை அன்பாக அவள் என்னைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"இரிக்கப் போறது இன்னும் ஒம்பது நாள்" என்றாள். "அதுக்குள்ளயாவது உங்கள ஒழுங்காக் கவனிக்க வேணாமா?"

தேத்தண்ணியை ஆற்றி, பூப்போட்ட கோப்பையில் ஊற்றி, பீரிசில் வைத்து நீட்டினாள். நான் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, விறாந்தையில் போய் இருந்து குடித்தேன்.