கூடைக் கயிறு

பேய், முனி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் தோட்டத்தில் சாமியாடுகிறவரிடமே, ஆடும்போது எதற்கு அடிக்கடி போனை எட்டிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டு அடி வாங்கினவன். இதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்துவிட்டுப் போங்கள், நடந்ததை நான் மாற்ற முடியாது.

எனக்கு அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்தில், தேயிலை ஃபக்டரியில் ராத்திரி வேலை. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒரே ஒரு அறை, காம்பரா என்போம், அதில் நானும் தங்கச்சி மஞ்சுளாவும் மட்டும். காலையில் நான் வரும்போது அவள் கொழுந்து எடுக்கக் கிளம்பிக்கொண்டிருப்பாள். ரொட்டியைத் தட்டுப் போட்டு மூடிவைத்துவிட்டு, "வெறும் வயித்தோட படுக்காதண்ணே" என்று தினமும் சொல்வாள். நான் சாப்பிட்டுவிட்டுப் பகல் முழுக்கத் தூங்குவேன்.

போன வருஷம் ஒரு நாள், மலையில் மரத்தில் பெரிய குளவிக்கூடு இருக்கிறது என்று காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் கணக்கப்பிள்ளையிடம் சொன்னவள் அவள்தான். வேலையைப் பிரித்துக் கொடுக்கிறவர் அவர். "குளவிக்குப் பயந்தா கொழுந்த யாரு எடுக்குறது, போ" என்றார். குளவி கொட்டி, பதினொரு மணிக்குள் அவளை லொறியில் ஏற்றிப் பதுளைக்குக் கொண்டுபோனோம். வழியில் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "கூடைக் கயிறு நெத்திய இறுக்குதுண்ணே, அவுத்து வுடு" என்றாள். நெற்றியில் கயிறு மாட்டி முதுகில் சுமக்கிற கொழுந்துக் கூடையை மலையிலேயே கழற்றிவிட்டார்கள், நெற்றியில் கயிறு இல்லை. சரி அவிழ்த்துவிட்டேன் என்று சொல்லி நெற்றியைத் தடவினேன். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகுமுன் போய்விட்டாள். லொறி போட்ட சத்தத்தில் அந்தப் பேச்சு என் காதைத் தவிர யார் காதிலும் விழவில்லை, நானும் யாரிடமும் சொன்னதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விசாரணையில் கணக்கப்பிள்ளை, கூடு இருப்பதாக யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்றார். பார்த்திருந்தவர்களும் வேலைக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. அந்த ஆளைக் கொன்றால் என்ன என்று நான் நினைத்ததுண்டு, மறைக்க மாட்டேன்.

முப்பதாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குப் போன பிறகுதான் அது ஆரம்பித்தது. பகல் பத்தரை இருக்கும், கண் விழித்திருக்கிறது, கூரைத் தகரம் தெரிகிறது, வெளியே பிள்ளைகள் சத்தம் கேட்கிறது, ஆனால் ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை. மஞ்சுளா என் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நெற்றியில் அந்தக் கயிறு. "இறுக்குதுண்ணே" என்கிறாள். மூச்சு முட்டி, உடம்பு உதறி எழுந்தால் யாரும் இல்லை.

பதுளையில் ஒரு டொக்டர் நிதானமாக விளக்கினார். கனவு காணும்போது நாம் கையைக் காலை ஆட்டி அடிபடாமல் இருக்க மூளை உடம்பைப் பூட்டி வைக்குமாம். சில நேரம் பூட்டுத் திறக்குமுன் விழிப்பு வந்துவிடும், கனவு கண் முன்னால் தொடர்ந்து ஓடும். தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம், ஒருக்களித்துப் படுங்கள், தூக்கத்தைப் பிய்த்துப் பிய்த்துத் தூங்காதீர்கள் என்றார். எனக்கு மனசு லேசாகிவிட்டது. பக்கத்துக் காம்பரா அன்னம்மா அக்கா மட்டும், "டொக்டர் சொன்னதையும் செய், தலைமாட்டுல இரும்பும் வை" என்று தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்தார்.

மறுநாள் அசதியில் எல்லாவற்றையும் மறந்து மல்லாந்தே படுத்துவிட்டேன். மஞ்சுளா வந்தாள். வாய் அசையாது, மனசுக்குள் கத்தினேன். என்னிடம் ஏன் வருகிறாய், உன்னை அனுப்பினவனிடம் போ. அவள் கணக்கப்பிள்ளை வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பினாள். நெஞ்சுப் பாரம் இறங்கியது. அன்றிலிருந்து ஒருக்களித்துப் படுத்தேன், கத்தியும் வைத்தேன். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து, கணக்கப்பிள்ளை என் வாசலில் நிற்கிறார். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

"முருகேசு, ஒன்னையும் அமுக்குச்சாமே. என்னா செஞ்சி சரியாக்குன?"

நம்பினால் நம்புங்கள், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. டொக்டர் சொன்ன ஒவ்வொன்றையும் தலைகீழாக்கிக் கொடுத்தேன்.

"நல்லா மல்லாந்து படுங்க ஐயா. மணிக்கு ஒருக்கா அலாரம் வச்சி எழும்பிப் படுங்க. வீட்ல இரும்பு சாமான் இருந்தா தலைமாட்டுல வைக்காதீங்க, அதுதான் கூப்புடும்."

நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் அன்று அசந்து தூங்கினேன்.

இரண்டு வாரத்தில் மறுபடி வந்தார். சவரம் செய்யவில்லை, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஒன் தங்கச்சிதான்யா வருது. நெத்தியில கயிறு இறுக்குது, அவுத்து வுடுங்குது. கை தூக்க முடியலயே, நான் எப்புடி அவுக்குறது?"

லொறியில் என் காதில் மட்டும் விழுந்த பேச்சு அது. டொக்டர் சொன்ன எந்தப் பூட்டுக்கும் இது பொருந்தவில்லை.

"கூடு இருக்குன்னு அது சொல்லுச்சி, நான்தான் பொய் சொன்னேன். மன்னிக்கச் சொல்லு முருகேசு."

"நெஞ்சில வந்து ஒக்காருறாள்ல, அவகிட்டயே கேளுங்க" என்று கதவைச் சாத்தினேன். அதற்காக இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை.

அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு ஹல்துமுல்லைப் பக்கம் போய்விட்டார். பழி தீர்ந்தது என்று நினைத்தேன். ஆனால் வீட்டில் யாரும் இல்லாமல் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் கத்தியை அன்னம்மா அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, வேண்டுமென்றே மல்லாந்து படுத்தேன். அலாரம் வைத்தும் தூக்கத்தைக் கெடுத்துப் பார்த்தேன். பத்தரைக்கு விழிப்பு வரும், கையும் காலும் நன்றாக அசையும். எத்தனையோ நாள் பார்த்தேன், மஞ்சுளா வரவே இல்லை.

போன மாதம் அந்த ஆளிடமிருந்து போன் வந்தது. அழுகிற குரல்.

"இன்னைக்கு கயிறு பத்திப் பேசல முருகேசு. எங்கண்ணன் சாப்புட்டுட்டுத்தான் படுத்துச்சான்னு கேக்குது. நான் என்னா சொல்ல?"

அன்றைக்கு நான் வெறும் வயிற்றோடுதான் படுத்திருந்தேன்.  ஆனாலும், சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லச் சொன்னேன். என் தங்கச்சிக்கு நான் சொல்ல வேண்டியதை அந்த ஆள் வாயால்தான் சொல்லி அனுப்ப முடிந்தது.