கடற்கரை ஃப்ளாட்டில் ஒரு வாணலி உப்புமா

அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி கடற்கரையில் கோடைக்கு வாடகைக்கு விடுகிற ஃப்ளாட்டுகளில் அடுப்பு இருக்கும், பாத்திரம் இருக்கும், சமைக்கிற ஆளை மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும். எண்பதுகளில் நம்மவர்கள் வெகேஷன் போகிற லட்சணமே அதுதான். ஹோட்டலில் தங்கினால் மூன்று வேளையும் என்னத்தைத் தின்பது? அதனால் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை ஒரு மர வீட்டின் மாடியைப் பிடிப்பது, குக்கர், அரிசி, பருப்பு, ஊறுகாய் எல்லாவற்றையும் காரில் அடைத்துக்கொண்டு போவது. கடல் பார்க்கப் போகிறோமா, கல்யாணத்துக்குச் சமைக்கப் போகிறோமா என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும்.

அப்போது நாங்கள் அதே மாநிலத்தில் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் இருந்தோம். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ், பெரும்பாலும் நைட் ஷிப்ட். என் கணவரும் அவளுடைய கணவரும் ஒரே ஆபீஸில் இன்ஜினியர்கள். அவள் என்று நான் சொல்வது, காரில் பத்து நிமிஷத் தூரத்தில் இருந்த ஒரு மெட்ராஸ்காரியை. என்னைவிட வயதில் சின்னவள், வாய் நிறைய அக்கா என்பாள். கூடப்பிறந்தவர்களை எல்லாம் தூத்துக்குடிப் பக்கம் விட்டுவிட்டு வந்த எனக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரிது என்று இப்போது சொன்னால் சிரிப்பார்கள். அங்கே எனக்கென்று இருந்த ஒரே உறவு அவள்தான். அப்படித்தான் நினைத்தேன்.

அவளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தபோது அவள் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போய் இருந்தேன். குளிப்பாட்டினேன், தையல் போட்ட இடத்தைத் துடைத்தேன், துணி மாற்றினேன். நர்ஸுக்கு அது பெரிய காரியம் இல்லை, அக்காவுக்கும் இல்லை. சமையலை மட்டும் அவள் கணவர் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். வெந்நீர் போடத் தெரியாத மனிதர் ரசம் வைக்கிறேன் என்று தடுமாறினார். பெண்டாட்டிமேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிக் காட்டினேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஜென்மம் நான்.

அடுத்த கோடையில் சேர்ந்து கடற்கரைக்குப் போகலாம் என்று கூப்பிட்டதும் அவள்தான்.

"ரெண்டு பெட்ரூம், நல்ல பெரிய கிச்சன், பீச் ரெண்டே பிளாக். வருஷம் பூரா நைட் ஷிப்ட் பண்றீங்க. அந்த ஒரு வாரம் நீங்க கிச்சன் பக்கமே வரக்கூடாது. குக்கிங் எல்லாம் நான் பாத்துக்கறேன்க்கா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அமெரிக்காவுக்கு வந்ததிலிருந்து என்னைப் பார்த்து யாரும் உட்கார் என்று சொன்னதில்லை.

அவர்கள் சைவம். நாங்கள் கத்தோலிக்கர்கள், மீன் இல்லாமல் சோறு இறங்காத ஊர்க்காரர்கள். அந்த வாரம் முட்டைகூடக் கேட்கக் கூடாது என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லித்தான் கூட்டிப்போனேன். போய் இறங்கியதும் அவள் அந்த ஃப்ளாட்டில் இருந்த பாத்திரங்களை எல்லாம் மேல் அலமாரியில் ஏற்றிவிட்டு, தன்னுடையதை எடுத்து அடுக்கினாள். அடுப்பைச் சோப்புப் போட்டு மூன்று தடவை தேய்த்தாள். "யார் யார் வந்து என்னென்ன சமைச்சாங்களோ" என்று மூக்கைச் சுளித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

முதல் இரண்டு நாளும் ராணி மாதிரி இருந்தேன். கடற்கரைக்குள் போகக் காசு கொடுத்து வாங்குகிற பீச் பாட்ஜைச் சேலையில் குத்திக்கொண்டு மணலில் உட்கார்ந்திருப்பேன். வெங்காயம் உரிக்கப் போனால் "நீங்க போய் ரெஸ்ட் எடுங்கக்கா" என்பாள். தண்ணீர் குடிக்கப் போனால்கூட அவளே பிடித்துக் கொண்டுவந்து கையில் கொடுப்பாள்.

மூன்றாம் நாள் காலையில் எனக்கே வெட்கமாக இருந்தது. இரவெல்லாம் கைக்குழந்தை அழுது அவளைத் தூங்கவிடவில்லை. பாவம், எழுந்து வரும்போது டிபன் தயாராக இருக்கட்டும் என்று அடுப்படிக்குப் போனேன். அவளுடைய ரவை, அவளுடைய எண்ணெய், அவளுடைய வாணலி. வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கி, முந்திரி போட்டு, பொலபொலவென்று உப்புமா கிண்டி மூடி வைத்தேன். எல்லாருக்கும் காபியும் கலந்தேன்.

அவள் வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நீங்க ஏன்க்கா இதெல்லாம்…"

"தூங்கட்டுமேன்னுதான். உக்காரு, சூடா இருக்கு."

அவள் உட்காரவில்லை, உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் கணவர் கார் சாவியோடு வந்தார்.

"சிஸ்டர், இன்னிக்கு எல்லாரும் டைனர் போறோம். என் ட்ரீட். வெகேஷன்ல லேடீஸ் எதுக்குக் கஷ்டப்படணும்?"

டைனர் என்கிற அந்தச் சின்ன ஹோட்டலில் சமைக்கிற கல் எங்கள் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. சமையல்காரன் பன்றிக்கறியை ஒரு பக்கம் தள்ளி, அது விட்ட கொழுப்பிலேயே மாவை ஊற்றிப் பான்கேக் சுட்டுக் கொடுத்தான். அவளும் அவள் கணவரும் சிரப் ஊற்றி ரசித்துச் சாப்பிட்டார்கள். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. ஆறிப்போன உப்புமாவை மத்தியானம் சூடு பண்ணிக்கொள்ளலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்ததும் என் மகள் தட்டில் போட்டுக்கொண்டு தின்ன ஆரம்பித்தாள். மெட்ராஸ்காரியின் மூத்த பெண் பக்கத்தில் போய் நின்று, "அம்மா, ஐ வான்ட் தட்" என்றது. ஒரு கரண்டி எடுத்து வைத்தேன். அம்மாக்காரி வந்து தட்டை இழுத்து மேஜைமேல் வைத்தாள்.

"உனக்கு வயிறு சரியில்ல, வேணாம்."

"ஐம் ஃபைன், அம்மா."

"வேணாம்னு சொல்றேன்ல?"

இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை எனக்குப் புரியாமல் போயிருக்கும்.

வாணலியில் மீன் கிடையாது, முட்டை கிடையாது. எல்லாம் அவள் சாமான். என்னுடையது கை மட்டும்தான். மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் வீட்டுக்கு வந்தால் "இப்பத்தான் சாப்பிட்டோம்" என்று சொல்லி வாழைப்பழமும் டப்பா ஜூஸும் மட்டும் எடுத்துக்கொள்வது நினைவுக்கு வந்தது. சாதி என்ற வார்த்தையை அவர்கள் வாயிலிருந்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. நன்றாகப் படித்தவர்கள். அறிமுகமான புதிதில் ஊரைக் கேட்டார்கள். ஊரில் பஜார் பக்கமா, கடற்கரைப் பக்கமா என்று கேட்டார்கள். கடற்கரைப் பக்கம்தான், தாத்தாவுக்கு மீன்பிடிக்க இரண்டு வள்ளம் இருந்தது என்று பெருமையாகச் சொன்னேன். பிள்ளை பெற்ற உடம்பைத் தொட்டுத் துடைக்க இந்தக் கை ஆகும், ரவை கிண்ட ஆகாது.

கடற்கரையில் நடக்கும்போது கணவரிடம் சொன்னேன்.

"நீயா ஏதாவது கற்பனை பண்ணாத. அவங்களுக்கு டைனர் போகணும்னு ஆசையா இருந்திருக்கும்" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாரே என்று பார்த்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவரே, "தெரியும். விடு. தினம் ஆபீஸ்ல மூஞ்சில முழிக்கணும்" என்றார்.

விட்டேன். மீதி உப்புமாவை நாங்கள் மூன்று பேரும் தின்று தீர்த்தோம். வாணலியைத் தேய்த்து அலமாரியில் வைத்தேன். அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்க அவள் அதை எடுக்கவில்லை, குழம்புப் பாத்திரத்திலேயே தாளித்தாள். முகத்தில் மட்டும் ஒரு குறையும் இல்லை. அதே அக்கா, அதே சிரிப்பு. சனிக்கிழமை காலி பண்ணும்போது வாணலியைச் செய்தித்தாளில் சுற்றி எங்கள் காரில் கொண்டுவந்து வைத்தாள்.

"உங்களுக்கே இருக்கட்டும்க்கா. என்கிட்ட நிறைய இருக்கு."

என் கணவர் தாங்க்ஸ் சொன்னார். வழியெல்லாம் நான் அவரோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் அதைக் குப்பையில் போட்டேன். நல்ல கனமான வாணலி.

அடுத்த மே மாதம் போன் வந்தது.

"போன வருஷ ஃப்ளாட்டே கிடைக்குதுக்கா. புக் பண்ணட்டுமா? நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம், சும்மா வந்தா போதும்."

ஒரு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது அப்போது தானாக வந்தது.

"ஒரு வேளை மட்டும் நான் சமைக்கிறேன். நீயும் அவரும் பிள்ளைங்களும் உக்காந்து சாப்பிடணும். சரின்னா சொல்லு, வர்றோம்."

அந்தப் பக்கம் குழந்தையின் குரல் கேட்டது. நான் குளிப்பாட்டிய குழந்தை.

"அவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்க்கா" என்றாள்.

இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் போலிருக்கிறது.