தறித் தூணில் ஒன்பது பிளாஸ்திரி

எதையும் நாள், கிழமை போட்டு எழுதிவைக்கும் வழக்கம் எனக்கு ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிட்டது. அந்த வருடத்து நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அட்டையில் 'காயக் குறிப்பு' என்று சிவப்பு மையில் எழுதி, ஸ்கேல் வைத்துக் கீழே கோடு இழுத்திருக்கிறேன். அதைப் புரட்டும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. இத்தனை வருடத்தில் கோபம் குறையவில்லை. ஆள் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் அத்தை மேல் இருந்தது, பிறகு அப்பா மேல், அப்புறம் முதலாளி மேல். கடைசியாக அது வந்து நின்ற இடத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த ஆனி மாதம் பள்ளியில் முதலுதவிப் போட்டி வைத்தார்கள். முதல் பரிசு பேனா. எனக்குக் கிடைத்த இரண்டாம் பரிசு, பன்னிரண்டு பிளாஸ்திரிகள் அடங்கிய சின்ன அட்டைப்பெட்டி. பேனா வாங்கிய பையன், மூக்கில் இரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தான். குனிய வேண்டும் என்று சரியாக எழுதியவள் நான். அவனுக்கு எப்படி முதல் பரிசு என்று அறிவியல் டீச்சரிடம் போய்க் கேட்டேன். "கையெழுத்து அழகா இருந்துச்சும்மா" என்றார். இது முதல் அநியாயம். பெட்டியின் மேல் 'தோல் நிறம்' என்று அச்சடித்திருந்தது. ஒன்றை எடுத்து வீட்டில் எல்லார் கையிலும் வைத்துப் பார்த்தேன். அந்த நிறத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் தோல் இல்லை. தெருவிலும் இல்லை. இது இரண்டாவது.

எங்கள் வீடு சின்ன காஞ்சிபுரத்தில், கோயில் மதிலுக்குப் பின்பக்கத் தெருவில். முன்கூடத்தை முழுதாகத் தறி அடைத்துக்கொண்டிருக்கும். அப்பா தறிக் குழியில் இறங்கி உட்கார்ந்தால், பக்கத்தில் அவருடைய தங்கை, என் அத்தை, உட்காருவாள். எங்கள் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு, குறுக்கு இழை வைத்த நாடாவை அப்பா வீசுவார். ஒவ்வொரு வீச்சுக்கும் கரை நாடாவை அத்தை வீசி, இரண்டு இழையும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்படி விரல் நுனியால் சரி செய்ய வேண்டும். அதனால் நாள் முழுக்க அவள் விரல் பட்டின் மேலேயே இருக்கும். தெருவில் அவ்வளவு வேகமாகக் கோர்வை போட ஆளில்லை என்று அப்பாவே சொல்வார். அப்பா யாரையும் புகழ்ந்து நான் கேட்டது அந்த ஒன்றுதான். அத்தைக்கு அந்த இடம் உயிர். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "மாப்பிள்ளை வீட்ல தறி இருக்குதா, அத மொதல்ல கேளு" என்பாள்.

தறியில் உட்காருமுன் ஒவ்வொரு நாள் காலையும் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு என்னிடம் வருவாள். விரல்களால் என் கன்னத்தை மேலிருந்து கீழாக ஒரு தடவை தடவிவிட்டுப் போவாள். தம்பிக்கு அது கிடையாது. எனக்கு மட்டும் உள்ள செல்லம் என்று நினைத்திருந்தேன்.

ஆடி இரண்டாவது செவ்வாய்க்கிழமை, இழை நறுக்கும் பிளேடு அத்தையின் இடது ஆள்காட்டி விரல் நுனியில் ஆழமாக இறங்கிவிட்டது. அத்தை செய்த முதல் காரியம் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டதுதான். ஒரு சொட்டு பட்டில் விழுந்தாலும் சேலை போச்சு. அந்தச் சேலை ஆவணி முதல் முகூர்த்தத்துக்குப் போகவேண்டியது. இரத்தத்தோடு கொல்லைப்பக்கம் ஓடி, கழிவுப் பட்டு நூலைச் சுருட்டி அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எங்கள் வீடுகளில் காயத்துக்கு மஞ்சள்கூட வைக்க மாட்டார்கள். மஞ்சளும் கறை.

நான் பெட்டியோடு ஓடினேன்.

"வந்துட்டாங்கப்பா டாக்டரம்மா" என்றாள் அத்தை. "ஊசி கீசி போடுவியா?"

"சிரிக்காத அத்தை. மொதல்ல சோப்பு போட்டுக் கழுவணும். அப்புறம் ஈரம் ஒத்தி எடுக்கணும். நடுவுல இருக்கிற வெள்ளத் துணியக் கையால தொடக் கூடாது."

"யாரு தொடக் கூடாது?"

"யாருமே."

அன்று சாயங்காலம் தறி நின்ற பிறகு முதல் பிளாஸ்திரியை ஒட்டினேன். நோட்டில் எழுதினேன்: 'செவ்வாய், மாலை 6.40. காயம் அரை அங்குலம். சுத்தம் செய்து மூடப்பட்டது.'

மறுநாள் பள்ளியிலிருந்து வந்து பார்த்தால் விரல் வெறுமனே இருந்தது. பிளாஸ்திரி தறித் தூணில் ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் பையைக்கூட இறக்கவில்லை. "யாரு கழட்டச் சொன்னது?"

"பசைடி அது" என்றாள் அத்தை, நாடாவை விடாமல். "பட்டு மேல பட்டா தூசு புடிச்சிக்கினு கோடு கோடா கருத்துப் போவும். இழையே ஒட்டிக்கினு அறுந்தாலும் அறுந்துரும்."

"அப்ப தூக்கிப் போட வேண்டியதுதானே? எதுக்குத் தூண்ல ஒட்டி வெச்சிருக்க?"

"நீ பரிசு வாங்கினதாச்சே. போட மனசு வரல."

அப்பா தலை நிமிராமல் சொன்னார்: "காத்தாட உட்டா தானா காஞ்சிரும். காயத்துக்குப் போயி சட்ட மாட்டிக்கினு இருக்கீங்க ரெண்டு பேரும்."

இப்படியே நடந்தது. சாயங்காலம் நான் புதிதாக ஒட்டுவேன்; காலையில் அவள் உரித்துத் தூணில் ஒட்டுவாள். புதன் ஒன்று, வியாழன் இரண்டு. வெள்ளிக்கிழமை எழுதியிருக்கிறேன்: 'உரிக்கும்போது மறுபடி இரத்தம் கசிந்ததாக நோயாளி ஒப்புக்கொண்டார்.' நடுவில் ஒரு நாள் அமாவாசை வந்தது. அமாவாசைக்கு எங்கள் ஊரில் தறி ஓடாது. அன்று முழுநாளும் பிளாஸ்திரி விரலில் இருந்தது. மாலையில் பிரித்துப் பார்த்தபோது காயத்தின் விளிம்பு இளஞ்சிவப்பாகக் கூடியிருந்தது. அந்த நோட்டில் நான் ஆச்சரியக்குறி போட்ட ஒரே நாள் அது. நோட்டை எடுத்துக்கொண்டுபோய் அப்பாவிடம் காட்டி, "தறிதான் காரணம், பாருங்க" என்றேன். அப்பா படித்துப் பார்த்தார், அதை மறுக்க முடியாது. படித்துவிட்டு, "கையெழுத்து இன்னும் கொஞ்சம் நல்லா வரணும்" என்றார்.

மறுநாள் தறி ஓடியது. இரண்டாவது வெள்ளிக்கிழமைக்குள் விரல் கோவைப்பழம்போல வீங்கிவிட்டது. அப்போதும் அத்தை உட்கார்ந்தாள், அந்த ஒரு விரலை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு. சனிக்கிழமை காலை சோற்றைப் பிசைய முடியாமல் தட்டை நகர்த்தியபோதுதான் அம்மா சத்தம் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். எனக்குப் பள்ளி விடுமுறை. நோட்டை எடுத்துக்கொண்டு நானும் போனேன்.

கட்டுப் போடும் அறையில் இருந்த நர்ஸம்மா விரலைப் பார்த்ததும், "எத்தினி நாளாச்சு?" என்றார். "நாலஞ்சு நாளு" என்றாள் அத்தை. "பன்னெண்டாம் நாள்" என்று நான் நோட்டை விரித்தேன். நர்ஸம்மா அதை வாங்கி, நின்றபடியே முழுதும் படித்தார். பிறகு, நான் ஒட்டிய பதினோராவது பிளாஸ்திரியை மருந்துத் தண்ணீர் விட்டு நனைத்து, ஊறவைத்து, மெதுவாக எடுத்தார்.

"பாத்தியா, இப்பிடித்தான் எடுக்கணும். வெடுக்குனு இழுத்தா பழைய துணியோட புதுத் தோலும் வந்துரும். தெனம் காலைல புதுத் தோல உரிச்சுக்கினு இருந்திருக்க நீ. ஏம்மா, கையி உன்னுதுதானே?"

அத்தை சிரித்தாள். "கையி என்னுதுதான் சிஸ்டர். பட்டு என்னுது இல்லியே."

டாக்டர் கீறிச் சீழை எடுத்தார். நர்ஸம்மா களிம்பு தடவிய வலைத்துணியை வைத்து, அதன்மேல் பஞ்சுத் திண்டு வைத்து, சுருள் துணியைச் சுற்றி, ஓரத்தில் மட்டும் பசைநாடா ஒட்டினார். பசை காயத்துக்குப் பக்கத்திலேயே போகவில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை வரவேண்டும், ஈரம் படக்கூடாது, மூன்று வாரம் தறி கூடாது என்றார்.

வீட்டுக்கு வந்தபோது முதலாளி வந்திருந்தார். சேலை நெய்யக் கொடுப்பவர். பெரிய தெருவில் கடை. அம்மா அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். அவர் தறியில் நெய்திருந்த பாகத்தைக் கீழிருந்து இரண்டு கையாலும் ஏந்தி, ஜன்னல் வெளிச்சத்தில் முழம் முழமாகப் பார்த்தார்.

"கறை கிறை ஒண்ணும் படலியேப்பா?"

"இல்ல முதலாளி. ஒரு சொட்டு படல."

"அதானே பார்த்தேன். தங்கச்சி கெட்டிக்காரி. ஆள மாத்தி முடிச்சிரு, முகூர்த்தம் நிக்காது."

அத்தை வாசலை மறித்துக்கொண்டு, மின்விளக்கு மாதிரி பெரிய வெள்ளைக் கட்டோடு நின்றிருந்தாள். அவளைச் சுற்றிக்கொண்டுதான் அவர் வெளியே போகவேண்டியிருந்தது. "நவுரும்மா" என்றார். அவ்வளவுதான். சேலைக்கு அவ்வளவு வெளிச்சம் தேடிய மனிதருக்கு, இரண்டடி தூரத்தில் இருந்த விரல் தெரியவில்லை. ஒருமுறை பள்ளி ஷூவோடு தறிக் கூடத்தில் நடந்து அப்பாவிடம் வாங்கிய அடியைக்கூட நான் மறந்துவிட்டேன். அந்த 'நவுரும்மா'வை மறக்க முடியவில்லை.

எதிர்வீட்டு அக்கா வந்து உட்கார்ந்து சேலையை முடித்துக் கொடுத்தாள். அத்தை எதிரே சுவரில் சாய்ந்து, "கரைய இறுக்காத, தளத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கட்டு சின்னதாகிக்கொண்டே வந்தது. நான் ஒவ்வொரு தடவையும் கூடப்போனேன், எழுதினேன்.

ஆவணி இரண்டாவது ஞாயிறு. மறுநாள் அடுத்த சேலை தொடங்கவேண்டும். கட்டு முழுதாகப் பிரித்தாயிற்று. அத்தை கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அப்பா தறிக்குப் பக்கத்தில் கரை நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அத்தை அந்த ஒற்றை விரலை மட்டும் என் கன்னத்தில் வைத்து, மிக மெதுவாகக் கீழே இழுத்தாள்.

"சொல்லு டாக்டரம்மா. சொரசொரன்னு இருக்குதா?"

அதற்கு முன் ஒருநாளும் அவள் எதுவும் கேட்டதில்லை. என் வைத்தியத்தைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்தேன். குறிப்பு எழுதுகிறவள் பொய் சொல்லலாமா?

"இருக்குது அத்தை. நடுவுல கோடு மாதிரி ஒண்ணு குத்துது."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"நெஜமாத்தான். வேணும்னா இன்னொரு தடவ தடவிப் பாரு."

அவள் தடவிப் பார்க்கவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா நாடாவைக் கீழே வைத்துவிட்டு, "எதிர்வீட்டுப் பொண்ண காலைல வரச் சொல்லிடும்மா" என்றார். அத்தை "சரிண்ணா" என்றாள். தூணுக்குப் போய் அந்த ஒன்பது பிளாஸ்திரிகளையும் ஒவ்வொன்றாக உரித்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

கன்னத்தில் சொரசொரக்கும் விரல் பட்டு இழையைப் பிடித்து இழுத்துவிடும். நெசவு வீட்டுக்காரர்கள் விரலைச் சோதிக்க மெத்தென்ற ஓர் இடம் தேடுவார்கள். எங்கள் வீட்டில் அது என் கன்னமாக இருந்தது. இது எனக்குத் தெரியவந்தபோது அத்தை தறியை விட்டு, கம்பெனி பஸ் ஏறித் தொழிற்சாலை வேலைக்குப் போக ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அங்கே கையுறை கொடுக்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னாள். மூடி, காயவிடாமல் பார்த்துக்கொண்ட காயத்துக்குத் தழும்பு குறைவு என்று பின்னாளில் நூலகத்தில் படித்தேன். ஆறாம் வகுப்பு நோட்டின் அமாவாசைப் பக்கம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணெதிரே ஆறத் தொடங்கிய விரலை மறுநாளே பிடுங்கித் தறியில் வைத்தவர்கள் பெரியவர்கள். தீர்ப்பை மட்டும் ஒரு பதினோரு வயதுக் கன்னத்திடம் கேட்டார்கள். எல்லாரையும் திட்டி முடித்த பிறகு என் கோபம் கடைசியாக வந்து நிற்பது நோட்டின் அந்தக் கடைசிப் பக்கத்தில்தான்.

'ஞாயிறு, காலை 8.10. காயம் முழுவதும் ஆறியது. வலி இல்லை. மீதம் பிளாஸ்திரி: ஒன்று. சிகிச்சை முடிந்தது.'

அதன் பக்கத்தில், டீச்சர் போடுவதுபோலவே, எனக்கு நானே சிவப்பு மையில் 'மிக நன்று' போட்டிருக்கிறேன்.