ராட்டினத்தடியில் மாத்துப் பில்லை

எக்ஸிபிஷன் வேலைக்குப் புதிதாக வருகிற பெண்பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "கேட்டுல நாளெல்லாம் நிக்கறது கஷ்டமாக்கா?" என்றுதான். நிற்பது கஷ்டமே இல்லை. கால் வலிக்கும், அதற்குத் தைலம் விற்கிறது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் முறை பிரித்து விடுவதுதான் கஷ்டம். அதற்குத் தைலம் இன்னும் யாரும் காய்ச்சவில்லை. நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன், உங்களுக்கு உபயோகப்பட்டால் சரி.

1. சாப்பாடு கொண்டுபோன இடத்தில் உத்தியோகம்

பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. புதுச்சேரிக் கடற்கரை ஓரத்து மைதானத்தில் எக்ஸிபிஷன் போட்டிருந்தார்கள். அதில் பெரிய ராட்டினம் மரைக்காயர் முதலாளியுடையது. என் வீட்டுக்காரர் மாணிக்கம் அதற்கு இன்ஜின்காரர். அவருக்கு மத்தியானச் சாப்பாடு எடுத்துக்கொண்டு முதலியார்பேட்டையிலிருந்து நடந்து வந்தேன். வந்த இடத்தில் கேட்டில் ஒரே கூச்சல்.

கைக்குழந்தையோடு யாரும் ராட்டினத்தில் ஏறக் கூடாது என்று முதலாளி அன்று காலையில்தான் சட்டம் போட்டிருந்தார். ஆள் உட்காருகிற தொட்டி மேலே போகும்போது பயத்தில் கை நழுவினால் என்ன ஆவது? நல்ல சட்டம்தான். ஆனால் கைக்குழந்தை இல்லாமல் எக்ஸிபிஷனுக்கு வருகிற குடும்பம் நம் ஊரில் எது? வந்தவர்களெல்லாம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு ஆபீஸ் குமாஸ்தாவும் அவர் சம்சாரமும் மட்டும் போகாமல் முதலாளியிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். நான் அகப்பட்டேன்.

"அஞ்சல, இந்தப் புள்ளைய செத்த புடி" என்று குழந்தையை வாங்கி என்னிடம் திணித்துவிட்டார். ஒரு கையில் தூக்குச்சட்டி, இன்னொரு கையில் யார் பெற்றதோ ஒரு பிள்ளை. அப்படித்தான் நான் வேலையில் சேர்ந்தேன்.

தொட்டி நகர்ந்ததும் குழந்தை வீரிட்டது. மேலேயிருந்து தாய் அதைவிட வீரிட்டாள். "எறக்குங்க! எம்புள்ளைய எவகிட்டயோ குடுத்துட்டேன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் ராட்டினத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. 'எவளோ' நான்தான். அன்று மாணிக்கம் ஆறின சோற்றைத் தின்றார்.

மறுநாள் முதலாளி புதிய யோசனையோடு வந்தார். குழந்தைக்காரர்கள் இரண்டு டிக்கெட்டும் வாங்க வேண்டியது. ஒருவர் ஏற வேண்டியது, மற்றவர் பிள்ளையோடு ராட்டினத்தைச் சுற்றிக் கட்டின கயிற்றுக்குள்ளேயே நிற்க வேண்டியது. முதல் ஆள் இறங்கினதும் பிள்ளையை மாற்றிக்கொண்டு, வரிசைக்குத் திரும்பப் போகாமல், மற்றவர் ஏற வேண்டியது. அடையாளத்துக்குப் பிள்ளையை வைத்திருப்பவர் கையில் ஒரு தகரப் பில்லை கொடுக்க வேண்டியது. அதற்கு மாத்துப் பில்லை என்று பெயர். பில்லை கொடுத்து வாங்குகிற ஆள் நான்.

"பொம்பள நின்னாத்தான் பொம்பளைங்க நம்பி வருவாங்க" என்றார் முதலாளி. பாதி சரி. பொம்பளைகள் நம்பித்தான் வந்தார்கள். ராட்டினத்தில் ஏறினவர்கள் ஆம்பிளைகள்.

2. "ஒனக்கு ஒத்துக்காது"

புருஷன்மார் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் மாதிரி நடந்துகொண்டார்கள். "மொதல்ல நான் ஏறி எப்பிடின்னு பாக்கறேன். அப்பறம் நீ." பிள்ளை பெண்டாட்டி இடுப்புக்குப் போகும். பில்லையும் அவள் கைக்குப் போகும். ஐயா மேலே போய்ச் சுற்றுவார். இறங்கும்போது கால் லேசாகப் பின்னும், முகத்தில் மட்டும் பெரிய டாக்டர் களை வந்துவிடும்.

"வாணாம். ஒனக்கு ஒத்துக்காது. மயக்கம் வரும்."

அவள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொள்வாள். டிக்கெட் வீணாகக் கூடாதல்லவா? அவள் கையிலிருந்து பில்லையை வாங்கி, அவள் முறையிலும் அவரே ஏறிக்கொள்வார். ஒத்துக்கொள்ளாத பண்டத்தை மனுஷன் இரண்டு தரம் சாப்பிடுகிற அதிசயத்தை அங்கேதான் பார்த்தேன்.

நியாயம் கேட்க வாய் வரைக்கும் வரும். ஆனால் கேட்டில் நிற்கிறவள் குடும்ப நியாயம் பேசினால் வேலை போய்விடும். பிள்ளையைக் கீழே விட்டுவிட்டு ஏறுகிறார்களா என்று பார்ப்பதோடு என் அதிகாரம் முடிந்தது.

இதற்கு விதிவிலக்கு தேங்காய்த்திட்டு பாக்கியம். மீன் ஏலத்தில் நாலு ஆம்பிளைக் குரலை அமுக்கிப் பழகின தொண்டை. வந்த முதல் நாளே பிள்ளையைப் புருஷன் தோளில் சாத்திவிட்டு, "புடிய்யா, தோ வந்துட்டேன்" என்று ஏறிவிட்டாள். உச்சிக்குப் போனதும் எழுந்த சத்தம் எக்ஸிபிஷன் முழுக்கக் கேட்டது.

"யோவ்! கரையில நம்ம படவு தெரியுதுய்யா இங்கேர்ந்து! பக்கத்துல எவனோ நின்னுனுகீறான், போயி இன்னான்னு கேளு!"

அதற்குப் பிறகு அவள் அடிக்கடி வருவாள். மற்றப் பெண்களிடம், "மேல போனா ஊரே தெரியுதும்மே, கையில வச்சிக்கலாம் போலக்கீது" என்று சொல்லிவிட்டுப் போவாள். கேட்டவர்களெல்லாம் ராட்டினத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். பிறகு புருஷனைப் பார்ப்பார்கள். பிறகு குழந்தைக்கு மூக்கைத் துடைப்பார்கள்.

3. முசேயின் மரியாதை

அப்படி அண்ணாந்து பார்த்தவர்களில் ஒருத்தி மதாம் லூர்து. அவள் புருஷர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரைக்கும் போய்ச் சண்டை போட்டுப் பென்ஷன் வாங்குகிற சொல்தா. ஊரில் எல்லோரும் அவரை முசே என்பார்கள். வெள்ளை டிரில் சூட்டு, தொப்பி, கைத்தடி. அந்த மூன்றையும் சுமக்க வேண்டியிருந்ததால் பையன் பியேரை எப்போதும் மதாம்தான் சுமப்பாள். பையனுக்கு நடக்கத் தெரியும், நடக்க மாட்டான்.

தினம் சாயங்காலம் வருவார்கள். முசே இரண்டு டிக்கெட் வாங்குவார். வரிசையில் நிமிர்ந்து நிற்பார். குண்டு வெடித்ததையும் காட்டில் ஆற்றைக் கடந்ததையும் பக்கத்தில் நிற்பவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வருவார். கயிற்றுக்குப் பக்கத்தில் வந்ததும் கதை நின்றுவிடும். தலையைத் தூக்கி உச்சித் தொட்டியைப் பார்ப்பார். உடனே பின்னால் திரும்பி, எந்தப் பெண்பிள்ளை நின்றாலும் தொப்பியைக் கழற்றி, வளைந்து, "ஆப்ரே வூ, மதாம்" என்பார். நீங்கள் முன்னால் போங்கள் என்று அர்த்தமாம். பெண்களை முன்னால் விடுவதுதான் பிரெஞ்சு மரியாதையாம். பின்னால் நிற்பது கிழவியானாலும், கருவாட்டுக் கூடைக்காரியானாலும் அதே வளைவுதான். கடைசியில் டிக்கெட் இரண்டையும் யாருக்காவது கொடுத்துவிட்டு, "இன்னிக்கிக் காத்து சரியில்ல" என்று கிளம்பிவிடுவார்.

அவருக்குப் பயம். இதைக் கண்டுபிடிக்கச் சைகோன் போக வேண்டியதில்லை.

அவர் பயப்பட்டால் எனக்கென்ன? எங்கள் இன்ஜின்காரருக்கே பல்லியென்றால் பயம். சங்கடம் வேறு இடத்தில் இருந்தது. ஒரு நாள் மதாமிடம் மெதுவாகக் கேட்டேன்.

"நீங்களாவது ஏறலாமில்ல?"

"அவுரு ஏறாம நான் எப்பிடி அக்கா மொதல்ல ஏறுவேன்? ஆம்பள போயி பாத்து, சரின்னு சொன்னாத்தான்..."

ஆக, பிரெஞ்சு மரியாதை அடுத்தவன் பெண்டாட்டிக்கு, தமிழ் மரியாதை சொந்தப் பெண்டாட்டிக்கு. இரண்டு மரியாதைக்கும் நடுவில் அவள் பிள்ளையோடு தரையில் நின்றாள்.

"மேலேர்ந்து முதலியார்பேட்டை தெரியுமா?" என்று கேட்டாள்.

"மில்லு பொகக்கூண்டு நல்லாத் தெரியுமாம். எங்க வீடு அதுக்குப் பின்னாலதான். ஏன்?"

"எங்க அம்மா வீடும் அங்கதான். எக்ஸிபிஷன் முடிஞ்ச கையோட நாங்க கப்பல் ஏறறோம். பிரான்சுக்கு. அவுரு இனிமே இங்க வரமாட்டேன்னுட்டாரு. பொறந்து வளந்த ஊர ஒருவாட்டி முழுசாப் பாத்துக்கினு போலாம்னு..."

பையனுக்கு மூக்கைத் துடைத்தாள். ஊரை விட்டே போகிறவளுக்கு ஊரை ஒரு தரம் காட்ட முடியாவிட்டால் இவ்வளவு பெரிய ராட்டினம் எதற்கு?

4. கடைசி நாள்

கடைசி நாள் சாயங்காலம் மைதானத்தில் மணல் போட்டால் கீழே விழாது. முசே வந்தார். இரண்டு டிக்கெட், ஆற்றைக் கடந்த கதை, கயிற்றடி. அண்ணாந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு திரும்பினார்.

பின்னால் நின்றது பாக்கியம்.

"ஆப்ரே வூ, மதாம்."

"அதெல்லாம் வாணாம் முசே. தெனம் எல்லாருக்கும் வழி வுட்டுட்டு நீ இன்னாத்த பாத்த? இன்னிக்கி நீ ஏறு, நான் பாக்கறேன்."

வரிசை சிரித்தது. "ஏறுங்க முசே!" "சைகோன்ல இல்லாத ராட்டினமா?" என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன. மரைக்காயர் கூட டிக்கெட் மேஜையை விட்டு எழுந்து நின்று பார்த்தார். முசேயின் முகம் டிரில் துணி நிறத்துக்கு வந்துவிட்டது.

எனக்குத் தெரிந்துபோயிற்று. இன்னும் கொஞ்சம் சிரித்தால் மனுஷர் கோபித்துக்கொண்டு விடுவிடுவென்று போய்விடுவார். பின்னாலேயே மதாமும் போவாள். அடுத்து அவள் போகுமிடம் கப்பல்தான். அவரைத் தலைகுனிய வைத்து ரசிக்க வரிசையில் நிறையப் பேர் இருந்தார்கள். எனக்கு வேண்டியது அதுவல்ல, அவள் ஏற வேண்டும்.

பட்டாளத்துக்காரருக்குப் பிடித்தது ஒன்று உண்டு, உத்தரவு. கொடுத்தேன்.

"முசே, நீங்க இப்ப ஏறக் கூடாது!" என்றேன் உரக்க. "எதுத்த தொட்டியில எடை கம்மி. இந்தத் தொட்டியில கனத்த ஆளு ஒக்காந்தா ராட்டினம் ஒரு பக்கமா இழுக்கும். மதாம்தான் ஏறணும். மொதலாளி உத்தரவு. பையனப் புடிங்க!"

எதிரெதிர்த் தொட்டிகளில் எடை ஒத்துப்போக வேண்டும் என்பது ராட்டினத் தொழிலில் பாலபாடம். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டுமல்லவா? ஆனால் எதிர்த் தொட்டியை நான் திரும்பிப் பார்த்துச் சொல்லவில்லை. இன்ஜின் பக்கத்திலிருந்து மாணிக்கம் கத்தினார்.

"இன்னாமே ஒளர்ற? அதுல ரெண்டு அரிசி மண்டிக்காரங்க ஒக்காந்துனுகீறாங்க! அவுங்களுக்கு இவுரு ஏறுனாக்கூடப் பத்தாது!"

நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். கல்யாணமானவர்களுக்கு அந்தப் பார்வை தெரியும். "ஆங், கம்மிதான், கம்மிதான்" என்று இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டார். தன் பெயரில் உத்தரவு பிறந்ததை அப்போதுதான் கேட்ட மரைக்காயர், தலையை மட்டும் ஆட்டிவிட்டு உட்கார்ந்தார்.

முசே என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். மூழ்குகிறவனுக்குக் கட்டை கிடைத்த பார்வை. குதிகாலைத் தட்டி விறைப்பாக நின்றார். தொப்பியையும் தடியையும் கயிற்றுக் கம்பத்தில் மாட்டினார். இரண்டு கையையும் நீட்டிப் பையனை வாங்கினார். நான் மாத்துப் பில்லையை அவர் கையில் வைத்தேன். அத்தனை நாளில் ஒரு புருஷன் கைக்கு நானாகக் கொடுத்த முதல் பில்லை அது.

மதாம் தொட்டியில் காலை வைக்கப் பயந்தாள். பாக்கியம் தன் பிள்ளையைப் புருஷனிடம் தள்ளிவிட்டு, "வா தாயி, நான்கீறேன்" என்று இழுத்துக்கொண்டு ஏறினாள். மாணிக்கம் மற்றத் தொட்டிகளை மாற்றி ஏற்றி எடையைச் சரிபண்ணினார், என்னைத் திட்டிக்கொண்டேதான். ராட்டினம் நகர்ந்தது. உச்சிக்கு வந்ததும் அவராகவே நிறுத்தினார். நான் சொல்லவில்லை. அந்த மனுஷரோடு நான் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியதற்கு அது ஒரு காரணம்.

பாக்கியம் சத்தமே போடவில்லை. மேலே மதாமின் கை மட்டும் நீண்டு, மில் புகைக்கூண்டுப் பக்கமாக எதையோ காட்டிக்கொண்டிருந்தது.

கீழே பியேர் அப்பா நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தான். முசே அவனை ராணுவத் தளவாடம் மாதிரி விறைப்பாகப் பிடித்திருந்தார். பையனுக்கு அந்தப் புது இடம் பிடித்துவிட்டது போலிருக்கிறது. மேலேயிருந்து கீழே வரைக்கும், வெள்ளை டிரில் சூட்டு முழுக்க, நிதானமாக நனைத்துவிட்டான்.

மதாம் இறங்கி வந்தாள். கன்னமெல்லாம் ஈரம், வாயெல்லாம் சிரிப்பு. "எங்க அம்மா மாடியில தாவணி காயுது அக்கா! என் தங்கச்சிது!" என்றாள். பிறகு புருஷரிடம் கையை நீட்டினாள். "புள்ளையக் குடுங்க. இப்ப ஒங்க மொறை."

முசே தன் சூட்டைக் குனிந்து பார்த்தார். எக்ஸிபிஷன் நடந்த அத்தனை நாளும் அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் பார்க்கவில்லை.

"இந்தக் கோலத்துல எப்பிடி ஏறறது? நாலு பேரு ஒக்கார்ற எடம். மரியாதையா இருக்காது."

"அப்ப அந்த டிக்கெட்டு?"

அவர் பில்லையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பையனை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். கழற்றத் தலையில் தொப்பி இல்லை. இருந்தாலும் கை தானாக நெற்றிவரை போய் வந்தது. ஈரச் சூட்டோடு நன்றாக வளைந்து, சொந்தப் பெண்டாட்டியிடம் பில்லையை நீட்டினார்.

"ஆப்ரே வூ, மதாம்."

அவள் திரும்ப ஏறினாள். இந்தத் தடவை தனியாக. வரிசையில் நின்ற பெண்கள் ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருத்தியும் திரும்பித் தன் புருஷனைப் பார்த்தாள்.

5. நான் கற்றுக்கொண்டது

அதற்கப்புறம் ஊர் ஊராக எத்தனையோ எக்ஸிபிஷனில் நின்றுவிட்டேன். தொட்டிகள் மாறின, இன்ஜின் போய்க் கரண்ட் வந்தது. ஆனால் குழந்தையோடு வருகிற ஜோடியிடம், "யாரு மொதல்ல ஏறப் போறீங்க?" என்று அன்றைக்குப் பிறகு நான் கேட்டதேயில்லை. கேட்டால் வருகிற பதில் எனக்குத் தெரியும். ஆகையால் கேட் வேலைக்கு வருகிற பெண்களே, ஏறுகிறவரைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். பில்லையை ஆம்பிளை கையில் வையுங்கள், "புள்ளையப் புடிங்க சார்" என்று சொல்லுங்கள். உத்தரவு மாதிரி சொல்ல வேண்டும். பிடித்துவிடுவார்கள். அப்புறம் யார் ஏறுவது என்று யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்காது, கை காலியாக இருப்பவள் தானே ஏறிக்கொள்வாள்.